பச்சைத் தண்ணீரின் நிறம்

என் சமையலறை ஜன்னலில் உயரமான ஒரு கண்ணாடிக் குழல் நிற்கிறது. அடி தட்டையானது, விளிம்பில் நகம் அளவுக்குச் சில்லு போயிருக்கிறது. பூச்சாடி என்று நினைத்து அதில் ரோஜாவைச் செருகப் பார்த்த விருந்தாளிகளின் கையைத் தட்டிவிட்டிருக்கிறேன். தினமும் காலையில் குழாயைத் திறந்து அதில் புதுத் தண்ணீர் பிடித்து வைப்பேன். அடியில் ஒரு வெள்ளைத்தாள். வெயில் ஏறுவதற்கு முன்னால் வரும் அந்தச் சாந்தமான வெளிச்சம் தண்ணீருக்குள் இறங்கி, தாளைத் தொட்டுவிட்டு மேலே வரும். அந்த நேரத்தில் அதற்குள் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றால் பால் பொங்குவதுகூடத் தெரியாது. "வெறுந் தண்ணிக்கு இம்புட்டு மரியாதையா" என்பார் என் கணவர். சில்லு போன இடத்தில் விரல் படும்போதெல்லாம் அக்காவின் முழங்கை நினைவுக்கு வரும்.

உடன்பிறந்த அக்கா இல்லை. புதுக்கோட்டைக்கு வெளியே கண் சொட்டு மருந்து தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில், தரக் கட்டுப்பாட்டு லேப்பில், என்னோடு ஒரே மேசையில் வேலை பார்த்தவர். எனக்கும் அவருக்கும் ஒரே படிப்பு, ஒரே பதவி. வயதில் மட்டும் கொஞ்சம் மூத்தவர். நான் கந்தர்வக்கோட்டைப் பக்கம், முந்திரிக்காட்டு ஆள். அவர் ஜெகதாப்பட்டினத்துக்காரர், அப்பாவும் கடல், புருஷனும் கடல். பிள்ளைகளின் படிப்புக்காகப் புதுக்கோட்டையில் வீடு பிடித்திருந்தார். மீன் இல்லாத சாப்பாட்டை அவர் சாப்பாடு என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். என் டப்பாவில் சாம்பாரைப் பார்த்தால், "ஏண்டி, ஒனக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்பார்.

எங்கள் இருவருக்கும் பொதுவான வேலை நிறம் பார்ப்பது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். மருந்துகளின் தரத்துக்கு இலக்கணம் சொல்லும் பார்மகோப்பியா என்ற தடித்த புத்தகம் ஒன்று உண்டு. ஒரு திரவ மருந்து எந்த நிறத்தில் இருக்கலாம், அந்த நிறம் எவ்வளவு தூரம் போகலாம் என்று அதில் விதி இருக்கிறது. நிறத்தை வார்த்தையால் சொன்னால் ஆளுக்கொரு மாதிரி புரிந்துகொள்வார்கள் என்பது அந்தப் புத்தகத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் வார்த்தைக்குப் பதிலாகத் தண்ணீரையே அளவுகோலாக்கிவிட்டார்கள். இரும்பு உப்பிலிருந்து மஞ்சள், கோபால்ட் உப்பிலிருந்து ரோஜாச் சிவப்பு, மயில்துத்தம் என்ற செம்பு உப்பிலிருந்து நீலம். இந்த மூன்றையும் லேசான அமிலத்தில் விதவிதமான அளவில் கலந்தால் பழுப்பு, பழுப்பு மஞ்சள், மஞ்சள், பச்சை மஞ்சள், சிவப்பு என்று ஐந்து வரிசைகள் வரும். ஒவ்வொரு வரிசையும் அடர்த்தியில் தொடங்கி, மெலிந்து மெலிந்து, கண்ணுக்குத் தெரிகிறதா தெரியவில்லையா என்ற இடத்தில் போய் முடியும். புதிதாகக் கலந்த கரைசல்களை நாங்கள் ஜன்னலோரம் அடுக்கி வைக்கும் காலை நேரங்களில், எங்கோ ஒரு சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதை நடுக்காலையிலேயே பார்ப்பது போல இருக்கும்.

எண்களும் எழுத்துகளுமாக இருந்த அந்தக் கரைசல்களுக்கு அக்கா தன் பாட்டுக்குப் பெயர் வைத்திருந்தார். பழுப்பு வரிசையின் முதலாவது கருப்பட்டிக் காப்பி. நடுவில் இருப்பது ரெண்டாம் கழனி, அரிசியை இரண்டாவது தரம் களைந்த தண்ணீர். கடைசியாக ஒன்பதாவதாக நிற்கும் மெலிந்த கரைசலுக்கு, டீத்தூளைக் காட்டிவிட்டு எடுத்துக்கொண்ட டீ. அந்த ஒன்பதாவதைவிட நிறம் கூடாமல், பார்க்கத் தண்ணீர் போலவே இருந்தால்தான் ஒரு மருந்தை நிறமற்றது என்று சொல்லலாம். அதற்கும் அக்காவிடம் ஒரு பெயர் இருந்தது. பச்சத் தண்ணி. காய்ச்சாத, எதுவும் கலக்காத தண்ணீருக்கு நம் ஊரில் எல்லோரும் சொல்லும் பெயர்தான். அந்தப் பச்சைக்குள் நிறம் எங்கே இருக்கிறது என்று நானும் கேட்டதில்லை, யாரும் கேட்டதில்லை.

நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். நேர் வெயில் கூடாது, பரவி வரும் வெளிச்சம் வேண்டும். எங்கள் லேப்பின் வடக்கு ஜன்னல் அதற்காகவே இருந்தது. ஒரே மாதிரியான இரண்டு குழல்களில் மருந்தையும் அளவுக் கரைசலையும் ஒரே உயரத்துக்கு ஊற்றி, வெள்ளைப் பின்னணியில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, மேலிருந்து செங்குத்தாக உள்ளே பார்க்க வேண்டும். மேகம் வந்தால் காத்திருக்க வேண்டியதுதான். அவசரமாக லாரி நிற்கிறது என்று கம்பெனியே குதித்தாலும், நாங்கள் இருவரும் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். சம்பளம் வாங்கிக்கொண்டு வெளிச்சத்துக்குக் காத்திருந்த அந்த நேரங்கள்தான் என் உத்தியோகத்திலேயே எனக்குப் பிடித்தவை. ஒருவர் பார்த்ததை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது லேப்பின் கண்டிப்பான பழக்கம். ஒரு கண் சொன்னதைக் கேட்டு இன்னொரு கண் மாறிவிடும் என்பதால்.

அக்காவின் கண் அப்படி மாறுகிற கண் இல்லை. நான் ரெண்டு தரம் குனிந்து, கண்ணைக் கசக்கி, மறுபடி குனிந்து பார்ப்பதை அவர் ஒரே பார்வையில் முடித்துவிடுவார். ஆனால் குழலை எடுக்க வரும் வழியில் ஸ்டூலில் இடிப்பார். கதவு நிலையில் தோள் மோதும். மேசையில் பக்கவாட்டில் வைத்த எதுவும் அவர் கையால் தப்பாது. "கடல் அகலத்துக்குக் கைவீசிப் பழகுன ஆளு, இந்த லேப்பு உங்களுக்குப் பத்தல" என்று நாங்கள் கேலி செய்வோம். அவரும் சேர்ந்து சிரிப்பார். அப்படித்தான் ஒரு நாள் திரும்பும்போது அவர் முழங்கை பட்டு ஒரு குழல் சாய்ந்து, குழாய்த் தொட்டியின் ஓரத்தில் மோதி, விளிம்பில் சில்லு போனது. சில்லு போன குழலை வேலைக்கு வைக்கக் கூடாது. குப்பைக்குப் போக இருந்ததைக் கேட்டு வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். "ஒடஞ்சத எதுக்குடி கொண்டு போற?" என்றார் அக்கா. நல்ல கண்ணாடி அக்கா, என்றேன். அவ்வளவுதான் அன்றைக்குப் பேச்சு.

அந்த ஐப்பசியில் எங்களுக்குப் புது மேனேஜர் வந்திருந்தார். ஐதராபாத் பக்கத்துக்காரர், தெலுங்கு. தமிழ் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதமாக எங்களிடம் தமிழிலேயே பேசுவார். ஒருமை பன்மையெல்லாம் அவர் வாயில் கைகோத்துக்கொண்டு வரும். சாப்பாட்டையும் தண்ணீரையும் வீட்டிலிருந்தே கொண்டுவந்து அறைக்குள்ளேயே சாப்பிடுகிற கூச்ச சுபாவம். நிறம் பார்த்ததும் எழுதுவதற்கு முன்னால் இருவரிடமும் தனித்தனியாக வாயால் கேட்டுக்கொள்வது அவர் வழக்கம். மழை மூட்டம் நடுவில் கொஞ்சம் விலகிய ஒரு பிற்பகலில், சொட்டு மருந்து பேட்ச் ஒன்றை நாங்கள் பார்த்து முடித்தோம். நான் கண்ணாடிச் சாமான்களைக் கழுவப் போனபோது மேனேஜர் இன்டர்காமில் கூப்பிட்டிருக்கிறார். எடுத்தது அக்கா. சற்று நேரம் கழித்து மேனேஜர் அறையைத் தாண்டும்போது என்னையும் கேட்டார். "கலர்லெஸ் சார்" என்றேன். அவர் முகம் மாறியது.

இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். "மேடம், நீங்க ரெண்டு பேர் வேற வேற கலர் சொல்றாங்க. யார் என்ன சொன்னாங்க, நான் சொல்லக் கூடாது. நாளைக்குக் காலைல கண் டெஸ்ட். அப்புறம் மறுபடி பார்க்கலாம்." ரொம்ப வருத்தத்தோடுதான் சொன்னார். ஜன்னலில் மேகம் மூடிவிட்டிருந்தது, அன்றைக்கு மறுபடி பார்க்க வழியில்லை. பேட்ச் நிறுத்தப்பட்டது. பார்வையில் குறை என்று வந்தால் அந்த ஆள் நிறம் பார்க்கும் மேசையை விட்டுவிட்டு பேக்கிங் செக்‌ஷனுக்குப் போக வேண்டியதுதான். நான் பார்த்தது தண்ணீர். அப்படியென்றால் அக்கா வேறு ஏதோ பார்த்திருக்கிறார். அக்கா பக்கம் திரும்பினேன். அவர் என்னைப் பார்க்காமல் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கம் பழக்கம்தான், கேட்கக் கூடாது. நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் விடிந்ததும் எனக்கு எதன் மேலும் நம்பிக்கை இல்லை. பாலைப் பார்த்தேன், லேசாக மஞ்சள். மாமனாரின் வேட்டியைப் பார்த்தேன், அதுவும் மஞ்சள். சுண்ணாம்பு அடித்த பள்ளிக்கூடச் சுவர், பஸ்ஸில் முன் சீட்டில் இருந்த பெண்ணின் முல்லைச்சரம், ரோட்டோரம் நின்ற கொக்கு எல்லாவற்றிலும் ஒரு மெல்லிய சாயம் இறங்கியிருந்தது. மழைக்குப் பிந்திய வெயில் கண்மாய்த் தண்ணீரில் பட்டு, பஸ்ஸுக்குள் கூரையில் அலை அலையாக ஆடிக்கொண்டிருந்தது. வெள்ளை என்று ஒன்று உலகத்தில் உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஒரு பேச்சா என்று யோசித்துக்கொண்டே போனேன். பஸ் ஸ்டாண்டில் அக்கா எனக்கு முன்பே வந்து நின்றார். கண் ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். பாதி வழியில் அவராகவே பேசினார்.

"எங்கப்பாவுக்குக் கண்ணு போச்சுல்ல, அது சட்டுன்னு போகலடி. படக நேராத்தான் விடுவாரு. கரைக்கு வந்தா பக்கத்துப் படகுல கொண்டு போயி முட்டுவாரு. குடிச்சிருக்காருன்னு பேசுனாங்க. அவரு குடிக்கவே மாட்டாரு. உப்புக்காத்து கண்ணத் தின்னுருச்சுன்னு அப்பறமாச் சொன்னாங்க." கொஞ்ச தூரம் போனபின், "நா உப்புக்காத்துல இல்லையே, புதுக்கோட்டைலதான இருக்கேன்" என்றார். என்னிடம் சொன்னாரா தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பக்கவாட்டில் வந்த சைக்கிளை அவர் பார்க்கவில்லை, நான்தான் இழுத்துக்கொண்டேன். அப்போதுகூட எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கவலையில் கவனம் இல்லாமல் நடக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

டாக்டரம்மா முதலில் வண்ணப் புள்ளிகள் நிறைந்த புத்தகத்தைக் காட்டினார். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும், நிறம் தெரிந்தவருக்குத்தான் எண் தெரியும். நான் நிதானமாகப் படித்துத் தேறினேன். அக்கா, பக்கம் திரும்புவதற்கு முன்பே எண்ணைச் சொல்லிக்கொண்டு போனார். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். எனக்கு மூச்சு வந்தது, எழுந்திருக்கப் போனேன். அவர் என்ன நினைத்தாரோ, அக்காவிடம், "வீட்ல யாருக்காச்சும் கண் பார்வை போயிருக்கா?" என்று கேட்டார். அக்கா அப்பாவைச் சொன்னார், உப்புக்காற்றையும் சொன்னார். டாக்டரம்மா ஒரு கண்ணை மூடச் சொல்லி, தன் மூக்கையே பார்க்கச் சொல்லி, பக்கத்திலிருந்து விரலை மெதுவாக உள்ளே கொண்டுவந்தார். "விரல் தெரிஞ்சதும் சொல்லுங்க." விரல் காதுக்கு நேராக வந்தது. கன்னத்துக்கு நேராக வந்தது. இன்னும் உள்ளே வந்து நின்று, ஆடியது. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த விரலின் மோதிரம்கூடத் தெரிந்தது. அக்கா பேசாமல் காத்திருந்தார். பிறகு மரியாதையாகக் கேட்டார், "இன்னும் காட்டலைங்களா டாக்டர்?"

கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு வருகிற நோய். வலிக்காது, சிவக்காது. நடுப்பார்வையும் நிறமும் கடைசிவரை நன்றாகவே இருக்கும், அதனால்தான் யாருக்கும் தெரியாது என்றார் டாக்டரம்மா. போனது திரும்பாது. இருக்கிறதைக் காப்பாற்றலாம். இன்னும் ஒன்றிரண்டு வருடம் விட்டிருந்தால் அதுவும் கஷ்டம். ஆயுசு முழுக்கச் சொட்டு மருந்து விட வேண்டும், தவறவே கூடாது. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார். "கலரு தெரியுமா?" தெரியும் என்றார் டாக்டரம்மா. ஸ்டூலில் இடித்த கால், நிலையில் மோதிய தோள், சாய்ந்த குழல் எல்லாம் என் கண்முன் வரிசையாக வந்து நின்றன. நாங்கள் அத்தனை பேரும் பார்த்து, சிரித்து, கடந்து போனவை.

மதியம் கம்பெனிக்குத் திரும்பி நேராக கேன்டீனுக்குப் போனோம். பேட்ச் நின்ற கவலையில் வீட்டுச் சாப்பாட்டை மறந்துவிட்டு வந்த மேனேஜரும் அன்று அங்கே எங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தார். கேன்டீன் அண்ணன் ஜக்கோடு வந்து, "சுடுதண்ணியா, பச்சத் தண்ணியா சார்?" என்றார். மேனேஜர் நிமிர்ந்தார். "பச்ச தண்ணியா? அத யாரு குடிக்கிறாங்க?" அண்ணன் ஒன்றும் புரியாமல் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வைத்துவிட்டு அங்கிட்டுப் போய்விட்டார். மேனேஜர் டம்ளரை எடுத்து ஜன்னல் பக்கம் உயர்த்திப் பார்த்தார். கீழே வைத்தார். மேலேயிருந்து குனிந்து பார்த்தார், நாங்கள் பார்ப்பது போலவே. பிறகு அக்காவைப் பார்த்தார்.

"மேடம், போன்ல நீங்க சொன்னது இதா?"

"எது சார்?"

"பச்ச தண்ணி. எங்க ஊர்ல பச்சன்னா மஞ்சள். காமாலை நோவுக்கே பச்ச காமெர்லுன்னுதான் பேரு." அவர் குரல் இறங்கிவிட்டது. "நான் மஞ்சள்னு நினைச்சுட்டான்."

முதலில் சிரித்தது யார் என்று நினைவில்லை. அந்த மேசை முழுக்கச் சிரித்தது. நிறத்தை வார்த்தையால் சொல்லாதே என்று அத்தனை தடிமனில் புத்தகம் போட்டிருந்தும், ஒரே ஒரு வார்த்தை அதைத் தாண்டிப் போய்விட்டது. எனக்குச் சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிவிட்டது. மேனேஜர் பதறிப்போனார், தப்பு தன்னுடையது, இதற்காக ஆஸ்பத்திரிக்கு அலைய வைத்துவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா கைப்பையிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "நல்லவேள சார், நீங்க தெலுங்கு. தமிழா இருந்திருந்தா நா அங்கிட்டுப் போயிருக்கவே மாட்டேன்." மேனேஜர் சீட்டைப் படித்தார். வெகுநேரம் அதை மடிக்காமல் வைத்திருந்தார். அன்று பிற்பகல் வானம் துடைத்தாற்போல வெளுத்தது. அக்காவும் நானும் மறுபடி குனிந்து பார்த்தோம். மருந்து நிறமற்றதாக இருந்தது.

நிறம் பார்க்கும் மேசை அக்காவுக்கே இருந்தது. மேசையின் பக்கவாட்டில் யாரும் எதையும் வைக்கக் கூடாது என்று மேனேஜர் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார், அதைத் தமிழில்தான் சொன்னார். அக்கா நடக்கும்போது தலையை முழுசாக இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து நடக்கப் பழகினார். புதுச் சொட்டு மருந்துப் புட்டியைத் திறந்தால் முதல் சொட்டு கண்ணுக்கு இல்லை, ஒரு வெள்ளைத் தட்டுக்கு. குனிந்து அதன் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த சொட்டு. "ஊருக்கே பாத்துவிட்டவ, எனக்கு நா பாத்துக்க மாட்டனா" என்பார். சில வருடங்கள் கழித்து நிறம் பார்க்கக் கருவி வந்தது. மருந்தை வைத்து மூடியைச் சாத்தினால் திரையில் எண் விழும். தெலுங்கோ தமிழோ அதற்குத் தெரியாது, மேகம் வந்தாலும் கவலையில்லை. வடக்கு ஜன்னலுக்கு முன்னால் அலமாரி வந்து நின்றது. அக்கா வேலையை விட்டுவிட்டு ஊரோடு போனார். நான் இன்னும் அதே லேப்பில்தான் இருக்கிறேன். கருவி நல்ல கருவி, குறை சொல்ல மாட்டேன். காத்திருப்பது மட்டும் போய்விட்டது.

போன மாதம் அக்கா கண் டாக்டரைப் பார்க்கப் புதுக்கோட்டை வந்தவர், பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். கருவாட்டுப் பொட்டலம் ஒரு கையில், பை ஒரு கையில். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் போனில் ஒரு தரம், "கொஞ்ச நாளாவே மங்கலாத் தெரியுதுடி" என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. வாசலில் தலையை இடதும் வலதும் திருப்பிப் பார்த்து, நிலையில் இடிக்காமல் உள்ளே வந்தார். நான் காப்பிக்கு அடுப்பைப் பற்றவைத்துவிட்டு முதுகைக் காட்டியே நின்றேன். பின்னால் அவர் ஜன்னல் பக்கம் போவது கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த உப்பு ஜாடியையும் எண்ணெய்ப் பாத்திரத்தையும் தொடாமல் கையை நேராகக் கொண்டுபோய், குழலின் சில்லு போன விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். இது தன் முழங்கை செய்த வேலை என்று தெரிந்துகொண்டார் போல, லேசாகச் சிரித்தார். பிறகு குனிந்தார்.

"என்னக்கா கலரு?" என்றேன். அக்கா அவசரப்படவில்லை. வெளிச்சம் வருகிற பக்கம் கொஞ்சம் நகர்ந்து, தாளை நேராக்கிவிட்டு, மறுபடி பார்த்தார். எனக்கு எத்தனையோ மாதமாக அது பச்சைத் தண்ணீராகத்தான் தெரிந்துகொண்டிருந்தது. அன்று காலையிலும் அப்படித்தான் தெரிந்தது. அவரும் அதையே சொன்னால் போதும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன்.

"பச்சத் தண்ணி இல்லடி இது" என்றார். "லேசா மஞ்சத் தட்டுது. மாடில டேங்கு கழுவி எம்புட்டு நாளாச்சு?"

அக்காவின் கண்ணில் நிறமும் போய்விட்டது என்று நினைத்தேன். இருந்தும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். டேங்கின் மூடியைத் தூக்கி, அசையாமல் கிடந்த தண்ணீருக்குள் குனிந்தேன். அடியில் மெத்தென்று செம்மண் படிந்திருந்தது.